உற்பத்தி நின்ற லெகோ செட்: கொழும்பில் இருந்து எந்த வழியில் வாங்குவது?

பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திக் கட்டும் லெகோ செட் ஒன்று கடைகளில் இருக்கும் காலம் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடங்கள். பெரிய செட் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். பிறகு டென்மார்க்கின் பில்லுண்ட் நகரில் இருக்கும் கொம்பனி அதைச் செய்வதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு விலையைத் தீர்மானிப்பவர்கள் அந்தச் செட்டைக் கையில் வைத்திருப்பவர்கள். சின்ன வயதில் படத்தில் மட்டும் பார்த்த ஒரு விண்கலத்தையோ கோட்டையையோ, சம்பளம் எடுக்கத் தொடங்கிய பிறகு வாங்க நினைக்கிறவர் இந்தச் சந்தைக்குள்தான் இறங்க வேண்டும். 2020இல் இருந்து கொம்பனியே பெரிய செட்களின் பெட்டியில் 18+ என்று அச்சிடுகிறது. ஆகவே இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

வழிகள் நான்கு. முத்திரை உடையாத பெட்டியாக வாங்கலாம். ஒருவர் கட்டிப் பிரித்த, பாவித்த செட்டாக வாங்கலாம். துண்டு துண்டாகச் சேர்த்து நாமே ஒரு செட்டை உருவாக்கலாம். அல்லது பழையதை விட்டுவிட்டு, அதன் மறுபதிப்பையோ வேறு கொம்பனியின் செட்டையோ எடுக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுவதில் விருப்பம் உள்ள, கொழும்பில் வசிக்கும் ஒருவருக்கு, பெட்டி இல்லாத, பாவித்த, முழுமையான செட்தான் நல்ல தெரிவு. அதுவும் வெளிநாட்டில் இருந்து வரும் ஒருவரின் சூட்கேஸில் வந்து சேர்ந்தால் மிகவும் நல்லது. லண்டனில் இருக்கும் சேகரிப்பாளருக்கு இதே ஆலோசனையைச் சொல்லமாட்டேன். நாம் இருக்கும் இடம்தான் கணக்கை மாற்றுகிறது.

முத்திரை உடையாத பெட்டி

இதன் ஈர்ப்பு புரிகிறது. எந்தத் துண்டும் குறையாது, ஸ்டிக்கர் புதிதாக இருக்கும், பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டும் அனுபவம் முழுதாகக் கிடைக்கும். ஆனால் கொழும்பில் இருந்து வாங்கும்போது மூன்று இடங்களில் காசு போகிறது.

முதலாவது, பெட்டியின் பருமன். கூரியர் நிறுவனங்கள் உண்மையான நிறையையும் பருமன் நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் காசு எடுக்கும். பருமன் நிறைக்கு வழக்கமான கணக்கு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது. 60, 50, 10 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி என்றால் 6 கிலோ. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கோ அதில் பாதி கூட இராது. மிச்சம் முழுவதும் காற்றுக்கும் மட்டைக்கும் கொடுக்கும் கூலி.

இரண்டாவது, சுங்கம். தீர்வை கணக்கிடப்படுவது பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. விலை, அனுப்புகூலி, காப்புறுதி எல்லாம் சேர்ந்த தொகைக்கு. 200 டொலர் செட்டுக்கு 80 டொலர் அனுப்புகூலி போனால் கணக்கு 280 டொலரில் தொடங்கும். 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். அதை மட்டும் அந்த 280க்குப் போட்டாலே 50 டொலருக்கு மேல். உண்மையில் மற்றத் தீர்வைகளையும் கூட்டிய தொகைக்குத்தான் அந்த வரி வரும் என்பதால் இன்னும் ஏறும். தபாலில் வரும் பொதி டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தையில் இருக்கும் மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கப் பரிசோதனைக்கு நிற்கும். விற்பனையாளர் விலைப்பட்டியலைப் பொதியின் வெளியே ஒட்டி அனுப்பாவிட்டால் அங்கே விலையை நிரூபிப்பது நம் வேலையாகிவிடும். பழைய செட்டுக்கு இது சின்ன விடயம் அல்ல. ஒரு விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு விலையா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. பணம் செலுத்திய பற்றுச்சீட்டை அச்சடித்துக் கையோடு கொண்டு போங்கள்.

மூன்றாவதை நம்மவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. அது நம் காலநிலை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் அடுக்குமாடியில் மட்டைப் பெட்டி என்ன ஆகும் என்று பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஈரம் ஏறி மட்டை தளரும், ஓரம் பிரியும், பூஞ்சணப் புள்ளி வரும், இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். பிளாஸ்டிக்குக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது. அதனால் முத்திரைப் பெட்டிக்கு நாம் கொடுக்கும் மேலதிக விலை, முழுக்க முழுக்க இந்த ஊரில் கெட்டுப்போகும் பகுதிக்கே போகிறது. நாள் முழுக்க ஏசி போட்ட அறை ஒன்றைப் பெட்டிகளுக்கு ஒதுக்கலாம்தான். ஆனால் மின்சாரக் கட்டணத்தையும் செட்டின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலீடாக வாங்குகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மொஸ்கோவின் உயர் பொருளாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையான செட் விலைகளை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 வீதம் வருமானம் என்று கண்டார்கள். அந்த எண் பல இடங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது சராசரி. ஏறாத செட்களும் இறங்கிய செட்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதோடு, நாம் வாங்கும்போது கொடுத்த கூலியும் தீர்வையும் அந்தக் கணக்கில் இல்லை. விற்கும்போது வாங்குபவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பார், பெட்டி மறுபடியும் விமானம் ஏற வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனபோது பெட்டி வைத்திருந்தவர்களுக்கு ரூபாவில் இலாபம் தெரிந்தது உண்மை. அந்த இலாபத்தைத் தந்தது நாணயத்தின் வீழ்ச்சி. டொலராகவே வைத்திருந்தாலும் அது கிடைத்திருக்கும்.

மறுபதிப்பு அபாயம் வேறு இருக்கிறது. 2008இல் வந்த தாஜ்மகால், எண் 10189, கிட்டத்தட்ட 5,900 துண்டுகள். விற்பனை நின்ற பிறகு அதன் விலை பல மடங்கு ஏறியது. 2017இல் கொம்பனி அதையே 10256 என்ற புதிய எண்ணில் 369.99 டொலருக்கு மறுபடி வெளியிட்டது. பழைய பெட்டிகளின் விலை சரிந்தது. அதே வருடம் ஸ்டார் வோர்ஸ் படங்களின் விண்கலமான மிலேனியம் பல்கனுக்கும் இதுதான் நடந்தது. 2007இன் 10179ஐப் பெரும் விலைக்கு வாங்கியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 7,541 துண்டுகளோடு 75192 வந்தது.

பாவித்த, முழுமையான செட்

இங்கேதான் நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் லெகோ துண்டு அவ்வளவு எளிதில் கெடாத பொருள். 1958இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் வந்த துண்டு இன்றைய துண்டோடு பொருந்தும். 1963இல் இருந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக். இதமான சூட்டில், 40 பாகைக்கு மேல் போகாமல், சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பத்து வருடத் தூசும் போய்விடும். ஒருவர் ஒரு தடவை கட்டிக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்த செட்டுக்கும் புதிய செட்டுக்கும் கையில் எடுக்கும்போது வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம்.

கெடுவது எங்கே என்று தெரிந்திருந்தால் போதும். வெள்ளை, பழைய சாம்பல், நீலத் துண்டுகள் வெய்யில் பட்டால் மஞ்சளாகும். ஆகவே யன்னல் பக்கம் வைத்திருந்ததா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். இயற்கை வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்த படம் கேட்டால் மறைக்க முடியாது. ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் ஊறவைத்து வெய்யிலில் வைத்தால் மஞ்சள் ஓரளவு போகும். ஆனால் அது வேலை, நிரந்தரமும் அல்ல.

இரண்டாவது ஆபத்து கபில நிறம். 2000களின் பிற்பகுதியில் இருந்து 2010களின் நடுப்பகுதி வரை வந்த செட்களில் செங்கபிலம், கடுங்கபிலம், கடுஞ்சிவப்பு ஆகிய துண்டுகள் நொறுங்குவதற்குப் பேர்போனவை. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், கழற்றும்போது உடையும். அந்தக் காலத்துக் கோட்டைகள், மரக் கப்பல்கள் வாங்கும்போது கபிலத் துண்டுகளுக்கு மாற்று வாங்கும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு விற்பவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை, பிளாஸ்டிக்கின் குணம் அது. செட் கட்டிய நிலையில் இருந்தால் பிரிக்காமல் பெரிய பகுதிகளாக வாங்குவது நல்லது.

மூன்றாவது சாம்பல் நிறம். 2004 அளவில் கொம்பனி தன் சாம்பல் நிறத்தை நீலம் கலந்த சாம்பலாக மாற்றியது. அதற்கு முந்தைய விண்கலமோ கோட்டையோ வாங்கினால், காணாமல் போன துண்டுக்குப் பதிலாகப் புதிய சாம்பல் சொருகியிருக்கிறார்களா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண்ணை உறுத்தும்.

மின்சாரப் பகுதிகள் உள்ள பழைய ரயில்கள் பற்றி நீட்டத் தேவையில்லை. பற்றரிப் பெட்டிக்குள் கசிவுக் கறை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி அனுப்பும் வழி. பெட்டி இல்லாத 2,500 துண்டுச் செட் சுமார் இரண்டு, இரண்டரைக் கிலோதான் வரும். பைகளில் போட்டுத் தட்டையாக்கினால் சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே போய்விடும். இது நமக்கு இருக்கும் பெரிய வசதி. ரொறன்ரோவில், லண்டனில், மெல்பேர்ணில் யாராவது ஒரு சித்தப்பாவோ மச்சாளோ இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் குறைவு. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் டிசம்பரிலும் கட்டுநாயக்கவில் இறங்குகிறவர்கள் ஏராளம். “சித்தி, வரேக்க ரெண்டு கிலோ சாமான் கொண்டுவர ஏலுமோ?” என்று இரண்டு மாதம் முன்னரே கேட்டுவிடுங்கள். செட்டை விற்பவரிடம் இருந்து அவர் வீட்டு முகவரிக்கு உள்நாட்டுத் தபாலில் அனுப்பச் சொன்னால் கூலியும் குறைவு. சாமான் என்ன, என்ன விலை என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு செட் போதும். நாலைந்து செட்டை ஏற்றிவிட்டால் அது வியாபாரச் சாமான் போலத் தெரியும், சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

உள்ளூரிலும் பார்க்கலாம். இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் குடும்பமாக வெளிநாடு போகிறவர்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை மொத்தமாக விற்பது உண்டு. குறிப்பிட்ட ஒரு செட்டைத் தேடுபவருக்கு இது உதவாது. ஆனால் நேரில் போய்ப் பார்க்கலாம், தீர்வை இல்லை, சில நேரம் நல்ல துண்டுகள் கிடைக்கும். துண்டின் மேலே இருக்கும் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோவின் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய குவியல்களில் போலியும் அசலும் கலந்தே இருக்கும்.

துண்டு துண்டாகச் சேர்த்தல்

பிரிக்லிங்க் 2000இல் ஒரு ரசிகர் தொடங்கிய சந்தை. 2019இல் லெகோ கொம்பனியே அதை வாங்கியது. உலகம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் அங்கே துண்டுகளைத் தனித்தனியாக விற்கிறார்கள். எந்தச் செட்டுக்கும் முழுத் துண்டுப் பட்டியல் இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்ற விபரமும் இருக்கிறது. நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்த விலை விபரத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஒருவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு.

கட்டும் வழிமுறைப் புத்தகத்துக்குக் காசு தேவையில்லை. 1996இல் இருந்து வந்த செட்களின் வழிமுறைகளைக் கொம்பனி தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ரீபிரிக்கபிள் தளத்தில் நம்மிடம் உள்ள செட்களைப் பதிவு செய்தால், நாம் தேடும் செட்டின் எத்தனை வீதத் துண்டுகள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன என்று காட்டும். பழைய துண்டுகள் நிறைய வைத்திருப்பவருக்கு அந்த எண் இனிய ஆச்சரியமாக இருக்கும்.

சிக்கல் எங்கே? எல்லாத் துண்டும் ஒரே கடையில் கிடைக்காது. ஐந்தாறு கடைகளில் வாங்கினால் ஐந்தாறு அனுப்புகூலி. அவை ஒவ்வொன்றும் கொழும்புக்குத் தனித்தனியாக வந்தால் செட்டின் விலையைக் கூலி தாண்டிவிடும். ஆகவே இங்கேயும் வெளிநாட்டு முகவரி ஒன்று வேண்டும். ஆனால் உறவினர் வீட்டுக்கு ஆறு பொதி அனுப்புவது ஒரு பொதி அனுப்புவதைவிடப் பெரிய உதவி கேட்பது. அது உறவைப் பொறுத்தது.

இன்னொன்று, அரிய துண்டுகள். ஒரு செட்டில் பெரும்பகுதி மலிவான சாதாரணத் துண்டுகளாக இருக்கும். சில பத்துத் துண்டுகள் மட்டும் பாதிச் செலவை விழுங்கிவிடும். நகரத் தெருக் கட்டடங்களை ஒவ்வொன்றாக வெளியிடும் லெகோவின் கட்டட வரிசையில் 2008இல் வந்த கிரீன் குரோசர் என்ற கடை, எண் 10185, இதற்கு நல்ல உதாரணம். அதன் முகப்பு முழுவதும் மங்கிய பச்சை. அந்த நிறத்தில் சில துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதுதான் அந்தச் செட்டின் உண்மையான விலை. முகப்புக்குச் சரியான நிறமும், கண்ணுக்குத் தெரியாத உட்சுவருக்குக் கையில் இருக்கும் எந்த நிறமும் என்று முடிவு செய்தால் செலவு வெகுவாகக் குறையும். நிறத்தை மாற்றிக் கட்டுவதையும் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பச்சைக் கடையை மண்நிறத்தில் கட்டினால் அது புறக்கோட்டையின் பழைய கட்டடங்களுக்கு இன்னும் கிட்டவாக வரும்.

பொறுமை உள்ளவருக்கு, தேடுவதையே விரும்புபவருக்கு, இது மிக நிறைவான வழி. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கலாம் என்பதும் ஒரு வசதி. அடுத்த மாதமே கட்டி முடிக்க வேண்டும் என்பவருக்கு இது சரிவராது.

மறுபதிப்பும் மாற்றுக் கொம்பனிகளும்

பழைய செட்டின் நினைவுதான் வேண்டும் என்றால் கொம்பனியே அதற்கு வழி செய்திருக்கிறது. 1979இன் கலக்ஸி எக்ஸ்புளோரர் விண்கலம் 2022இல் 10497 என்ற எண்ணில், 1,254 துண்டுகளோடு, பெரிதாகி வந்தது. பழைய கோட்டைக்கும் கடற்கொள்ளையர் கப்பலுக்கும் இப்படி வாரிசுகள் வந்தன. பழையதை அப்படியே அச்சடித்ததுபோல் அவை இராது. வளர்ந்த கைகளுக்கு ஏற்ற கட்டுமானம். எனக்கு இந்த வகை மிகவும் பிடிக்கும். மூலச் செட்டின் மஞ்சளேறிய துண்டுகளுக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைந்த காசில் கட்டும் மகிழ்ச்சி கூடக் கிடைக்கிறது. இவையும் சில வருடங்களில் நிறுத்தப்படுகின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

லெகோவின் அடிப்படைத் துண்டுக்கான காப்புரிமைகள் எப்போதோ முடிந்துவிட்டன. அந்த வடிவத்தை வணிகக் குறியாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஆகவே போலந்தின் கோபி, சீனாவின் காடா போன்றவை பொருந்தும் துண்டுகளில் சொந்த வடிவமைப்புகளை விற்பதில் தவறு ஏதும் இல்லை. லெகோ செய்யாத வாகனங்கள், இயந்திரங்கள் அவற்றில் உண்டு.

ஒரு செட்டின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே திருடுவது வேறு கதை. லெப்பின் என்ற பெயரில் நிறுத்தப்பட்ட லெகோ செட்களையெல்லாம் நகல் எடுத்து விற்ற கூட்டத்தை 2019இல் சங்காய்ப் பொலிஸ் பிடித்தது, பிறகு சிறைத் தண்டனையும் கிடைத்தது. பெயர் போனாலும் பொருள் போகவில்லை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் ஒன்லைனிலும் பெயர் மாற்றிய பெட்டிகள் இன்னும் வரும். கட்டட வரிசையில் 2007இல் வந்த கபே கோர்னர் சில ஆயிரம் ரூபாவுக்குப் புதிதாகக் கிடைக்கிறது என்று யாராவது போட்டிருந்தால் அது எது என்று உங்களுக்குத் தெரியும். இந்த வழியை நான் ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. ஒரு கட்டடத்தை மாதக்கணக்கில் யோசித்து வடிவமைத்தவரின் உழைப்பு அது. அதை விரும்பித் தேடுகிறவர்கள் நாம். நாமே அந்தத் திருட்டுக்குக் காசு கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

யாருக்கு எது

கட்டட வரிசை போன்ற பெரிய செட் ஒன்றைக் கட்டி வரவேற்பறையில் வைக்க வேண்டும், நாலைந்து மாதம் பொறுக்கலாம் என்றால், பாவித்த செட்டும் சூட்கேஸும். வீட்டில் ஏற்கெனவே ஒரு லாச்சி நிறையத் துண்டு இருந்தால் துண்டு துண்டாகச் சேர்த்தல். வெளிநாட்டில் கேட்கக்கூடிய உறவு இல்லாதவருக்கு, நேரடியாகக் கொழும்புக்கு அனுப்பும் விற்பனையாளரிடம் பெட்டி இல்லாமல் ஒரே பொதியாக வாங்குவது. விற்பவரிடம் பெட்டி இருந்தாலும் அதைத் தட்டையாக மடித்து அனுப்பச் சொல்லலாம், அல்லது வேண்டாம் என்று சொல்லி விலை குறைக்கலாம். பலர் சம்மதிப்பார்கள்.

முத்திரைப் பெட்டியை நான் சம்மதிப்பது ஒரே சூழ்நிலையில். செட் சின்னது, பெட்டியும் சின்னது, ஒருவர் கையில் கொண்டு வருகிறார், நீங்கள் அதை உடைத்துக் கட்டப்போகிறீர்கள். அப்போதும் பெட்டியின் எல்லா முத்திரைகளையும் படமாகக் கேளுங்கள். ஒட்டியதைக் கழற்றி மறுபடி ஒட்டி விற்கும் ஏமாற்று இந்தச் சந்தையில் பழையது.

இன்று கடையில் இருக்கும் செட் ஒன்றின் மேல் உங்களுக்கு ஏற்கெனவே கண் இருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் தேவைப்படாது. வருட முடிவில் பல செட்கள் ஒன்றாக நிறுத்தப்படுவது வழக்கம். அந்தக் கடைசி வாரங்களில் தேடி ஓடுவதைவிட, டிசம்பரில் வருகிறவரிடம் செப்டெம்பரிலேயே சொல்லி, கடை விலைக்கே வாங்கச் சொல்லுங்கள்.